கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் அவளை எல்லோரும் மாவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் அவள் சமையல்கூடத்தில் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, கீழ்த்தளத்தில் அரைக்கும் அறை இருந்தது. மாணவர்கள் மலைமலையாக அலைந்து தூக்கிவரும் கற்களெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து விழும். அவற்றை உடைத்து, நல்ல சில்லாகப் பொறுக்கி, கழுவி, காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைவிட நைசாக அரைத்துக் குப்பியில் அடைத்துக் கொடுப்பது அவள் வேலை. குப்பி வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். கல்லில் எந்தெந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அங்கிருந்து எண்கள் வரும். அந்த எண்களைக் கோடாக வரைந்து பட்டம் வாங்கிக்கொண்டு மாணவர்கள் போய்விடுவார்கள். அரைத்தவளுக்கு மிச்சம் தும்மல்.

அறையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. வெள்ளைக் கிண்ணம் அகேட் என்ற வழவழப்பான கல்லில் குடைந்தது. அது பெரிய மனிதர் வீட்டு வேலைக்காரர் மாதிரி, சாவகாசமாகத்தான் அரைக்கும். கெட்டியான கல்லைப் போட்டுவிட்டால் அரை நாள் போய்விடும். கறுப்புக் கிண்ணம் டங்ஸ்டன் கலந்த உலோகம். எதைப் போட்டாலும் ஒரு பாட்டு முடிவதற்குள் தூளாக்கிவிடும். ஆனால் அரைக்கும்போது தானும் துளி தேயும், தேய்ந்தது மாவோடு கலக்கும். சிமெண்டுக் கல், வகுப்புப் பயிற்சிக் கல் என்றால் பரவாயில்லை, எரிமலைக் கல்லுக்கு ஆகாது. பேராசிரியர் அம்மா தன் கையாலேயே எழுதி, கறுப்புக் கிண்ணத்துக்கு மேலே சுவரில் ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார். 'எரிமலைக் கற்களுக்கு அல்ல. கோபால்ட்டும் டான்டலமும் ஒட்டும்' என்று அதில் இருந்தது. மாவக்கா வருடக்கணக்காக அதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அது கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய காலண்டரை யார் படிக்கிறார்கள்?

சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு கல்லை அரைத்ததும் கிண்ணத்தில் வெறும் வெள்ளை மணலைப் போட்டு அரைத்துக் கொட்டுவாள். பிறகு கழுவி, துடைத்து, உள்ளே விளக்கடித்துப் பார்ப்பாள். நேற்றைய மலை இன்றைய மலையோடு ஒட்டக் கூடாது என்பது அவள் கொள்கை. "அக்கா, அரைச்ச மாவையே அரைக்கிறீங்களே" என்று யாராவது கிண்டல் செய்தால், "நீ எழுதுறதவிட மேல்" என்பாள். துறையில் யாரும் அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியதில்லை.

கல் உடைப்பது அந்த வீட்டில் பரம்பரைத் தொழில் என்றே சொல்லலாம். அப்பா ஜல்லிக் கம்பெனியில் கிரஷர் ஓட்டியவர். அவர் மலைகளை ரோட்டுக்காக உடைத்தார், மகள் படிப்புக்காக உடைத்தாள். அம்மா போனபோது தம்பி பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஆளாக்கியது அக்காதான். நடுவில் அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்தது. புருஷன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஆளை விடுங்கடா என்று திரும்பி வந்துவிட்டாள். அந்த ஆள் முகமே அவளுக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை. ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கை தானாகப் போய் டிவி சத்தத்தைக் குறைத்துவிடும். தம்பி அதைப் பார்த்துவிட்டு மறுபடி சத்தத்தைக் கூட்டி வைப்பான்.

அப்பாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகு வாசலை ஒட்டிய அறையைக் கொடுத்திருந்தார்கள். பக்கத்திலிருக்கும் கோலைப் பிடித்து மெதுவாக நடப்பார். குரல்தான் சுத்தமாக இறங்கிவிட்டது. அதனால் அறைக்கதவு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால், அவர் கூப்பிடுவது எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கேட்கும். அந்தம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வருவார். ஆனால் நிலைச்சட்டம் சாய்ந்துபோன கதவு அது, விட்டால் தானே சாத்திக்கொள்ளும். அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு கறுப்புக் கல் வெகு காலமாக அந்த வீட்டில் இருந்தது. தேங்காயைவிடக் கொஞ்சம் சின்னது. யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

தம்பி அதே நிலவியல் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, அப்பா உடைத்த மலையையே எடுத்துக்கொண்டான். மேற்கே இருந்த பழைய எரிமலை அது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார், "அதுல அப்படி என்னடா இருக்கு? நான் பாக்காத கல்லா?"

"அங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சுப்பா."

"இங்கயா? குடிக்கிற தண்ணிக்கு லாரி வருமான்னு வாசல்ல நிக்கறோம். இவன் கடலுங்கறான்."

"கேளுங்கப்பா. அந்தக் கடலோட தரை அப்படியே சரிஞ்சு நம்ம நிலத்துக்கு அடியில போச்சு. போகப்போக அதுல இருந்த தண்ணி கசிஞ்சு, மேல இருக்கிற பாறையெல்லாம் ஊறிப்போச்சு. ஊறின பாறை சீக்கிரம் உருகும். அதான் எரிமலை."

"சரி, கடல் எங்க போச்சு?"

"தீந்துபோச்சு. அந்தக் கரையும் இந்தக் கரையும் முட்டிக்கிட்டு நின்னுடுச்சு. உள்ள போறதும் நின்னுபோச்சு. ஆனா உங்க மலை அதுக்கெல்லாம் ரொம்பக் காலம் கழிச்சு வெடிச்சிருக்கு. உள்ள போக ஒண்ணுமே இல்லாதப்ப எப்படி வெடிச்சுது? பழைய கடல்ல ஊறின பாறைதான் திரும்ப உருகிச்சா? இல்ல, உள்ள போன தரை அறுந்து விழுந்து, அந்தச் சந்து வழியா ரொம்ப ஆழத்துல இருந்து புதுசா ஏதாவது ஏறி வந்துச்சா? அதான் கேள்வி."

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருப்பதாகவும் சொன்னான். தண்ணீரோடு சில உலோகங்கள் கரைந்து மேலே வரும். இரண்டு மட்டும் கரையாது, கீழேயே அடம்பிடித்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஊறிய பாறையிலிருந்து பிறந்த கல்லின் எண்களைக் கோடாகப் போட்டால், அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழும். பள்ளம் இருந்தால் பழைய கடலின் வேலை. இல்லாவிட்டால் ஆழத்திலிருந்து வந்த புதிய சரக்கு.

"எந்த ரெண்டுடா?" என்று அக்கா கேட்டாள்.

"பேரு சொன்னா உன் வாயில நுழையாது, விடு."

அந்தப் பேரை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். படித்தவர்களுக்கு எதிரே இருப்பவர் வாயைப் பற்றி எப்போதும் ஓர் அபிப்பிராயம்.

மலையின் கீழடுக்குக் கற்களிலெல்லாம் பள்ளம் இருந்தது. மேலே போகப்போகப் பள்ளம் கொஞ்சம் குறைகிற மாதிரியும் தெரிந்தது. அப்படியென்றால் உச்சியில், எரிமலை கடைசியாகக் கக்கிய அடுக்கில், பள்ளம் இருக்குமா இருக்காதா? ஆராய்ச்சியின் உயிரே அதில்தான் இருந்தது. வெளிநாட்டுப் பரிசோதனைக்கூடம் ஒன்று, அந்தக் கடைசி அடுக்கின் எண்ணைக் கொண்டுவந்தால் வேலை தருவதாக எழுதியிருந்தது. ஆனால் உச்சியைக் காணோம். ஜல்லிக் கம்பெனி அதை மேலிருந்து தின்றுகொண்டே வந்து, உச்சி இருந்த இடத்தில் குளம் மாதிரி ஒரு பள்ளத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. பழைய ஆய்வு அறிக்கை ஒன்றில் அந்தக் கல்லைப் பற்றி நாலு வரி இருந்தது: நல்ல கறுப்பு, நடுவே உடைந்த பாட்டில் சில் மாதிரி பச்சைப் படிகங்கள். தம்பி சரிவெல்லாம் சல்லடை போட்டுத் தேடினான். ஒரு சில்லுகூடக் கிடைக்கவில்லை.

கடைசியில் அது அவன் காலில்தான் கிடைத்தது. அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அவசரமாகத் திரும்பும்போது, கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்லில் கட்டைவிரலை இடித்துக்கொண்டான். வாயில் வந்த கெட்ட வார்த்தை பாதியில் நின்றுபோயிற்று. கல் ஓரத்தில் லேசாகப் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் பச்சை மின்னியது.

"அப்பா, இது ஏது?"

"மேல்தட்டுல மொத நாள் வெடி வெச்சப்ப உருண்டு வந்துச்சு. மினுங்குதேன்னு எடுத்தாந்தேன். நகை கொண்டு வருவாருன்னு பாத்தா கல்லத் தூக்கிட்டு வர்றாருன்னு உங்கம்மா ஒரு வாரம் பேசல."

தம்பி அந்தக் கல்லைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு தூக்கினான். அப்பா சிரித்தார். "எடுத்துக்க. மலையைத் தின்னவன் நான். மென்னது போக மிச்சம் இதுதான்."

பேராசிரியர் அம்மா முதலில் நம்பவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்லை ஆராய்ச்சியில் சேர்த்தால் ஊர் சிரிக்காதா என்றார். கல்லில் ஒரு சீவல் அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பழைய அறிக்கையின் நாலு வரியும் அப்படியே கண்முன் இருந்தன. பிறகு அவரும் சிரித்தார். ஆனால் வருடக்கணக்காக வாசல் கழுவிய தண்ணீரும் வெயிலும் பட்டுக் கல் வெளியே உளுத்திருந்தது. உளுத்ததை அறுத்துத் தள்ளத் தள்ளக் கல் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சுத்தமாகத் தேறியது ஒரு கைப்பிடிச் சில்லு. அதை மாவக்கா கையில் கொடுத்து தம்பி சொன்னான், "இவ்வளவுதான்க்கா. உலகத்துலயே இவ்வளவுதான் இருக்கு."

வீட்டில் கதவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை மடித்துச் செருகினார்கள். வேறு நல்ல கல் பார்த்து வைக்க வேண்டும் என்று அவனும் சொன்னான், அவளும் சொன்னாள். மூன்று கல் தின்னிகள் இருந்த வீட்டில் கதவுக்கு ஒரு கல் கிடைக்கவில்லை.

பார்சல் போக வேண்டிய நாள் வந்தது. வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்தில் கிடைத்திருந்த முறை தவறினால் அடுத்த முறைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். மற்ற குப்பிகளெல்லாம் தயார். இந்தக் கைப்பிடிச் சில்லை மட்டும் அவள் ஆசை ஆசையாகக் கடைசிக்கு வைத்திருந்தாள். கழுவிக் காயவைத்து, வெள்ளைக் கிண்ணத்தைத் துடைத்து வைத்த நேரத்தில் போன் அடித்தது. தையல்காரம்மா அழுதுகொண்டிருந்தார்.

"அப்பா விழுந்துட்டாரும்மா. கதவு சாத்திக்கிச்சு. அவரு கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்ல. எவ்வளவு நேரமாக் கெடந்தாரோ. தொட்டா கத்தறாரு. சீக்கிரம் வா."

முதலில் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான், போன் அணைந்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லித் தையல்காரம்மாவிடம் சொன்னாள். பிறகு சில்லைப் பார்த்தாள். வெள்ளைக் கிண்ணம் அரை நாள் கேட்கும். போட்டுவிட்டுப் போனால் பார்சல் தவறிவிடும், துறையில் இதை அரைக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. அப்பா தரையில் கிடக்கிறார். கறுப்புக் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தரம்தானே, துளிதானே தேயும் என்று நினைத்தாள். மணல் போட்டு அரைத்துக் கொட்டினாள், மறுபடியும் அரைத்துக் கொட்டினாள், இன்னொரு தரமும். எவ்வளவு கழுவினாலும் கிண்ணம் கிண்ணம்தான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். சில்லைப் போட்டு மூடியை இறுக்கினாள். ஒரு பாட்டு முடிவதற்குள் உலகத்திலேயே இருந்தது அவ்வளவும் தூளாயிற்று. குப்பியில் அடைத்துப் பார்சல்காரரிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மறந்து, வெறுங்காலோடு ஓடினாள்.

அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவேயில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தயங்கித் தயங்கிக் கேட்டான், "பார்சல் போயிடுச்சாக்கா?"

"போயிடுச்சு."

"நல்லவேளை. நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் நர்ஸ் வந்து ரத்தம் கேட்டார். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள், மறுநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். அப்புறம் அது சொல்லாத விஷயமாகிவிட்டது. தள்ளிப்போட்ட பேச்சு அப்படித்தான், நாளாக நாளாகக் கனக்கும்.

எண்கள் வந்த நாளன்று தம்பி தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். அப்பாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, காகிதத்தை விரித்து, கோட்டின் மேல் விரலை ஓட்டினான்.

"இது எல்லாம் கீழடுக்குக் கல்லு. பாருங்க, பள்ளம். இது உங்க கல்லு. பள்ளம் எங்க? காணோம்! மேடாவே நிக்குது!"

"அப்ப புதுசா?"

"புதுசுதான்ப்பா. ஆழத்துல இருந்து வந்தது. உங்க கல்லுதான் சொல்லுது."

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா வாய்விட்டுச் சிரித்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார். ஒரு பக்கம்தான் சிரித்தது, ஆனால் சிரித்தார். மாவக்காவுக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. "என்னடா அது, மேடா நிக்கறது? இப்பவாவது பேரச் சொல்லு. நுழையுதான்னு பாப்போம்."

"ரெண்டுல ஒண்ணத்தான் பரிசோதனைக்கூடத்துல அளக்கறாங்க. டான்டலம்."

நுழைந்தது. நேரே நெஞ்சுக்குள் போய்க் குத்திக்கொண்டு நின்றது. அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். எங்கேயோ படித்த பேர், தினமும் படித்த பேர். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் அறையைத் திறந்து, அட்டைக்கு முன்னால் நின்றாள். பேராசிரியர் அம்மாவின் கொட்டை எழுத்து. அது அங்கேயே இருந்தது, என்றைக்கும் அங்கேயேதான் இருந்தது. பள்ளத்தை ஆழத்து நெருப்பு நிரப்பவில்லை. கிண்ணம்தான் நிரப்பியிருந்தது. அத்தனை எண்களில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, தம்பிக்கு எது வேண்டுமோ அதிலேயே அவள் கை வைத்திருந்தாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. அடி விழும் என்ற பயம் தெரிந்தவள்தான், ஆனால் இது வேறு பயம். சொல்லப் போன போதெல்லாம் ஏதாவது குறுக்கே வந்தது. ஒரு தரம் டீ கொடுத்துக்கொண்டே "டேய், அந்தக் கல்லு" என்று ஆரம்பித்தாள். அவன் அதற்குள், வெளிநாட்டில் குளிர் எப்படி இருக்கும், அப்பாவை அங்கே கூட்டிப்போக முடியுமா என்று பேச ஆரம்பித்துவிட்டான். இன்னொரு தரம் பேராசிரியர் அம்மாவின் அறை வாசல் வரை போனாள். உள்ளே நாலு பேர் அந்தக் கோட்டைப் பார்த்துக் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அப்பா, கால் பயிற்சி கொடுக்க வரும் ஆளிடம், தையல்காரம்மாவிடம், காஸ் சிலிண்டர் போட வந்தவரிடம்கூட, "என் கல்லுதான் சொல்லிச்சாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னால் யாரைச் சாகடிக்க வேண்டியிருக்கும் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். சொல்லாவிட்டால், நாளைக்கு வேறொருவர் கண்டுபிடித்துத் தம்பியை எல்லார் முன்னாலும் பொய்யன் என்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கல்லாவது இன்னொன்று கிடைத்தால் அரைத்துக் கொடுத்துவிட்டுக் காலில் விழலாம். இல்லையே.

கொஞ்ச நாளில் தம்பி அந்தக் கோட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான். பரீட்சைப் பதற்றம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்பா கேட்டால், "இருக்குப்பா, இருக்கு" என்பான்.

வாய்மொழித் தேர்வு சின்ன அரங்கில் நடந்தது. மாவக்கா கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள். தம்பி படம் படமாகக் காட்டினான். கடல், சரிந்த தரை, முட்டிக்கொண்ட இரண்டு கரைகள், கீழடுக்கு, நடுவடுக்கு, அதிலெல்லாம் பள்ளம். நன்றாகத்தான் பேசினான். பேச்சு நடுவடுக்கோடு முடிந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உச்சி அடுக்கு என்னாச்சு? அதுதானே முக்கியம்? எண் வந்திருக்குன்னு கேள்விப்பட்டேனே."

"வந்துச்சு சார். அத நான் சேத்துக்கல. கோபால்ட் இருக்க வேண்டியதவிடப் பல மடங்கு இருக்கு. கேட்டு வாங்கிப் பாத்தேன், டங்ஸ்டனும் அப்படித்தான். கறுப்புக் கிண்ணத்துல அரைச்ச மாவு. அதுல டான்டலம் எவ்வளவு கல்லோடது, எவ்வளவு கிண்ணத்தோடதுன்னு சொல்ல முடியாது."

"யாரு அரைச்சது?"

"நான்தான் சார். அவசரத்துல பண்ணிட்டேன்."

முன்வரிசையிலிருந்த பேராசிரியர் அம்மா மெதுவாகத் திரும்பி மாவக்காவைப் பார்த்தார். பிறகு குனிந்து மேசையைப் பார்த்தார். தேர்வாளர் விடவில்லை. "ஒரு மலையோட உச்சியில மிச்சமிருந்தது ஒரே ஒரு கல்லு. அதையும் இப்படிப் பண்ணினா, உங்கள என்னன்னு சொல்றது?"

"தப்புதான் சார்."

மாவக்கா எழுந்தாள். நாற்காலி கிறீச்சென்று இழுபட்டது. எல்லாரும் திரும்பினார்கள். வாயைத் திறந்தாள். தம்பி மேடையிலிருந்து அவளை நேராகப் பார்த்தான்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

பிறந்ததிலிருந்து அவளை 'நீ' என்றே கூப்பிட்டவன், எல்லார் முன்னாலும் 'கொண்டாங்க' என்றான். அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள். வேறு என்ன செய்வாள்? டம்ளரோடு திரும்பி வந்தபோது பேச்சு வேறெங்கோ போயிருந்தது.

பட்டம் கிடைத்துவிட்டது. தலைப்பில் 'கீழடுக்கு' என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு தம்பி அரைக்கும் அறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றாள்.

"எண் வந்து கொஞ்ச நாள்லயே. சந்தோஷத்துல முதல்ல கோபால்ட்டப் பாக்கல. அப்புறம் பாத்தேன்."

"ஏன்டா கேக்கல? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கிட்டிருப்பேனே."

"கேட்டா என்ன சொல்லுவ? அப்பா விழுந்துட்டாருன்னு சொல்லுவ. அப்பா ஏன் விழுந்தாரு? கூப்பிட்டது கேக்கல. ஏன் கேக்கல? கதவு சாத்திக்கிச்சு. கதவுல இருந்த கல்ல எடுத்தது யாரு?" அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். "அத உன் வாயால கேக்க எனக்குத் தைரியம் இல்லக்கா."

 வெளிநாட்டுக்காரர்களுக்கு அவனே எழுதிவிட்டானாம், அவர்கள் மரியாதையாக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்களாம். ஜல்லிக் கம்பெனியில் கல்லின் தரம் பார்க்க ஆள் கேட்கிறார்கள், போய்ப் பார்க்கலாமென்று இருக்கிறேன் என்றான். "வாரிசு வேலை" என்று சிரிக்கப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அப்பா தலையணையில் சாய்ந்து, சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். தையல்காரம்மா பொத்தான் போட்டுவிட்டிருந்தார். அவர்கள் உள்ளே நுழைந்ததும் கேட்டார், "என்னடா சொன்னாங்க என் கல்லப் பத்தி?"

தம்பி ஏதோ பொய்யைத் தயார் செய்துகொண்டு வாயைத் திறந்தான். அதற்குள் மாவக்கா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கெடுத்துட்டேன்ப்பா" என்றாள். அட்டையிலிருந்து டம்ளர் வரை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச்சொல்லத் தம்பி குறுக்கே விழுந்து கல்லை எடுத்தது தான்தான் என்றான், அவள் இல்லை என்றாள். இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி நானில்லை நீதான் என்பதற்குப் பதிலாக நான்தான் நான்தான் என்று சண்டை போட்டார்கள். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப என் கல்லு என்னதான் சொல்லிச்சு? பழசா, புதுசா?"

"தெரியாதுப்பா" என்றான் தம்பி.

"கண்ணாடியில ஒட்டி ஸ்லைடு ஒண்ணு போட்டீங்களே?"

"அதுல முகம்தான் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு எண்ண முடியாது. இனிமே யாராலயும் தெரிஞ்சுக்க முடியாதுப்பா."

"ரோட்டத் தோண்டினா?"

"தாரும் மத்த மலைக் கல்லும் கலந்து கெடக்குப்பா. எது எதுன்னு தெரியாது."

அப்பா தன் இடது கையைப் பார்த்தார். கிரஷர் பிடித்த கை. பிறகு அதை நீட்டி மகளின் தலையில் வைத்தார்.

"நீ அரைச்சது ஒரு கைப்பிடி. முழு மலையையும் அரைச்சவன் நான். வரிசைப்படி பாத்தா மொதல்ல நான்தான் அழணும்."

சொன்னபடியே அழுதார். சத்தம் வரவில்லை, சட்டைக் காலர் நனைந்தது. அவளும் அழுதாள். அதற்குள் காற்றில் கதவு மெல்ல நகர ஆரம்பித்தது. வாசலோரம் நின்றிருந்த தம்பி காலை நீட்டி அதைத் தடுத்தான். தடுத்தபடியே, காலை எடுக்காமல், அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டான்.